700 குதிரைத்திறன் பிக்கப் டிரக்கும் ஐஸ் சாலையில் சறுக்குவது ஏன்? மோசமான வானிலையில் ஓட்டும்போது என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிக்கப் டிரக் என்பது வெறும் சரக்கு வண்டி இல்லை. ஆபீஸ் போவதும் அதில்தான், பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் அதில்தான். அந்த பிக்கப்களிலேயே ஒரு தனி ரகம் உண்டு. ரேம் 1500 டிஆர்எக்ஸ், ஃபோர்டு எஃப்-150 ராப்டர் ஆர் போன்ற 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' பிக்கப்கள்.

2021 மாடலாக வந்த டிஆர்எக்ஸ்-இல் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8 இன்ஜின். சக்தி 702 குதிரைத்திறன். கிட்டத்தட்ட 2,900 கிலோ எடையுள்ள இந்த வண்டி, நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை, அதாவது சுமார் 97 கி.மீ. வேகத்தை, 4.5 விநாடிகளில் தொட்டுவிடும் என்கிறது நிறுவனம். ராப்டர் ஆர் இன்னும் ஒரு படி மேலே, 720 குதிரைத்திறன்.

இவ்வளவு பவர். 4 வீல் டிரைவ். உயரமான பாடி. ராட்சத டயர். மழையும் பனியும் இதை என்ன செய்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த எண்ணம்தான் ஆபத்து.

2021 பிப்ரவரி 11 அன்று அதிகாலை, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஐ-35 டபிள்யூ நெடுஞ்சாலையின் விரைவுப் பாதையில் உறைமழை பெய்து, சாலை மேல் ஐஸ் படிந்திருந்தது. 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. 6 பேர் உயிரிழந்தார்கள். கார், பிக்கப், 18 சக்கர லாரி என எந்த வண்டியும் தப்பவில்லை. ஐஸ் இருந்த சாலைக்குப் பொருந்தாத வேகம் இந்த விபத்துக்கு முக்கியக் காரணம் என்றும், சாலையைக் கண்காணித்து ஐஸைக் கரைக்கும் வேலை சரியாக நடக்கவில்லை என்றும் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணையில் சொன்னது.

அப்படியானால் பவர் அதிகமுள்ள பிக்கப்பை மழையிலும் பனியிலும் எப்படி ஓட்டுவது? அதில் என்ன சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

இன்ஜின் பவர் அதிகம் இருந்தால் என்ன பிரச்னை?

இன்ஜின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அது சாலைக்குப் போய்ச் சேருவது டயர் வழியாகத்தான். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை, இரண்டு உள்ளங்கை அளவுக்குத்தான் சாலையைத் தொடுகிறது. அந்த இடத்தில் எவ்வளவு பிடிப்பு, அதாவது கிரிப் இருக்கிறதோ அவ்வளவுதான் பயன்படும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வை ஓர் எண்ணால் குறிப்பார்கள். காய்ந்த தார்ச்சாலையில் அது சுமார் 0.7. நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கும். அழுந்திய பனியில் 0.2. ஐஸில் 0.1.

இப்போது 2,900 கிலோ பிக்கப் ஒன்று ஐஸ் மேல் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் இழுத்தாலும், அந்தச் சாலை ஏற்றுக்கொள்ளக்கூடிய சக்தி சுமார் 53 குதிரைத்திறன்தான். நம்ம ஊர் சின்ன காரின் இன்ஜின் சக்தியைவிடக் குறைவு! நனைந்த தார்ச்சாலையில் அதே வேகத்தில் சுமார் 210 குதிரைத்திறன் வரை ஏற்கும்.

702-இல் 53 போக மீதி என்ன ஆகும்? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் சும்மா சுழலும். அப்படிச் சுழல ஆரம்பித்த டயர் முன்னாலும் தள்ளாது, பக்கவாட்டிலும் பிடிக்காது. வண்டியின் பின்பக்கம் விலகிக்கொண்டு போகும். சாதாரண காரில் கால் கொஞ்சம் அதிகமாக அழுந்தினால் பெரிய விளைவு இருக்காது. இந்த வண்டியில் அதே அழுத்தம் சக்கரத்தைச் சுழற்றிவிடும். சிக்கல் பவர் இருப்பதில் இல்லை, அதை அளந்து கொடுக்க வேண்டிய கால் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதில்தான்.

பிக்கப் மட்டும் ஏன் சீக்கிரம் பின்பக்கம் சறுக்குகிறது?

பிக்கப்பின் அமைப்பைப் பாருங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின், ஆட்கள் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் வெறும் சரக்குத் தொட்டி. அது காலியாக இருக்கும்போது வண்டி எடையில் பாதிக்கும் குறைவுதான் பின் சக்கரங்கள் மேல் விழும். எடை குறைந்தால் பிடிப்பும் குறையும்.

ஆனால் பெரும்பாலான பிக்கப்களில், 4 வீல் டிரைவை ஆன் செய்யாதவரை, இன்ஜின் சக்தி போவது அந்தப் பின் சக்கரங்களுக்குத்தான். எடை குறைந்த இடத்துக்கே மொத்த பவரும் போகிறது. காலி பிக்கப் மழையில் வளைவில் திரும்பும்போது வால் ஆட்டுவதற்கு இதுதான் காரணம்.

பனி பெய்யும் ஊர்களில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. மணல் மூட்டைகளைத் தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டிவிடுவார்கள். 100 கிலோ வைத்தாலே வித்தியாசம் தெரியும். சக்கரம் புதைந்தால் அதே மணலைப் பிரித்து டயருக்கு முன்னால் தூவிக்கொள்ளலாம். இரண்டு விஷயம் முக்கியம். மூட்டைகளை இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் திடீர் பிரேக்கில் அவை கேபினை நோக்கிப் பறக்கும். தொட்டியின் கடைக்கோடியிலும் வைக்கக் கூடாது, அங்கே வைத்தால் முன் சக்கரத்தின் எடை குறைந்து ஸ்டீயரிங் பிடிப்பு போய்விடும்.

4 வீல் டிரைவ் இருக்கே, போதாதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 4 வீல் டிரைவ் என்பது இன்ஜின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் ஏற்பாடு. வண்டியைக் கிளப்பவும், மேட்டில் ஏற்றவும், சேற்றிலிருந்து மீட்கவும் அது உதவும். ஆனால் நிறுத்துவதற்கு? எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் 4 வீல் டிரைவ் வண்டிக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய் முழு பிரேக் பிடித்தால் வண்டி நிற்க ஆகும் தூரம் தோராயமாக இப்படி:

- காய்ந்த தார்ச்சாலை: 20 மீட்டர்
- நனைந்த சாலை: 35 மீட்டர்
- அழுந்திய பனி: 70 மீட்டர்
- ஐஸ்: 140 மீட்டர்

ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி இன்னும் 25 மீட்டர் ஓடிவிடும். அதையும் மேலே உள்ள கணக்கோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

4 வீல் டிரைவ் இருந்தால் வழுக்கும் சாலையிலும் வண்டி சுலபமாக வேகம் எடுக்கும். ஓட்டுபவருக்கு சாலை நன்றாக இருப்பதுபோல் தெரியும். உண்மை நிலவரம் பிரேக் பிடிக்கும்போதுதான் புரியும். அதற்குள் நேரம் கடந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பின்னால் வண்டி எதுவும் வராத, நேரான சாலையில், குறைந்த வேகத்தில் பிரேக்கை லேசாக அழுத்திப் பாருங்கள். ஏபிஎஸ் உடனே கடகடவென்று துடித்தால் சாலையில் பிடிப்பு இல்லை என்று அர்த்தம்.

4எச், 4எல், 4ஏ: எதை எப்போது போடுவது?

4ஏ என்றால் ஆட்டோ. பின் சக்கரம் சறுக்கும்போது முன் சக்கரத்துக்கும் சக்தி தானாகப் போகும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் சாலைக்கு இது வசதி. ராப்டரில் இது உண்டு.

4எச் என்றால் முன், பின் அச்சுகள் இரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்படும். பனி, சேறு, வழுக்கும் சாலைக்கு ஏற்றது. காய்ந்த தார்ச்சாலையில் இதைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். பிணைத்து வைத்தால் வண்டி இறுகிப்போய், பாகங்கள் தேயும்.

4எல் என்பது ஆமை வேகத்தில் ஊர்ந்து போவதற்கு. ஆழமான சேறு, பாறை, செங்குத்துச் சரிவு ஆகியவற்றுக்கு மட்டும். நெடுஞ்சாலைக்கு அல்ல.

இவை தவிர டிஆர்எக்ஸ்-இல் 'ஸ்னோ', ராப்டரில் 'ஸ்லிப்பரி' என்று டிரைவ் மோடு இருக்கிறது. இதைப் போட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் இன்ஜின் நிதானமாகத்தான் பதில் சொல்லும். அதிக பவர் வண்டியில் மழை ஆரம்பித்ததும் முதலில் கை போக வேண்டியது இந்தப் பட்டனுக்குத்தான். 'ஸ்போர்ட்', 'பாஹா' மோடுகளை மழைச் சாலையில் தொடவே வேண்டாம். வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் இஎஸ்சி வசதியையும் ஆஃப் செய்யக் கூடாது.

அகலமான டயர் என்றால் மழையில் பிடிப்பு அதிகமா?

இல்லை. சாலையில் தேங்கிய நீரை டயர் தன் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும். வேகம் கூடினால் தள்ள நேரம் போதாது. டயருக்கு அடியில் தண்ணீர் படலம் உருவாகி, டயர் சாலையைத் தொடாமல் மிதக்கும். இதைத்தான் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். அந்த நொடியில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி திரும்பாது.

டிஆர்எக்ஸ் டயரின் அகலம் 325 மில்லிமீட்டர். டயர் அகலமாக இருந்தால் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம்.

காற்றழுத்தமும் முக்கியம். 1960-களில் விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று இன்றும் பயன்படுகிறது. அதன்படி பார்த்தால், 35 பிஎஸ்ஐ காற்று உள்ள டயர் தேங்கிய நீரில் சுமார் 98 கி.மீ. வேகத்தில் மிதக்க ஆரம்பிக்கும். 20 பிஎஸ்ஐ என்றால் சுமார் 74 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். மணலில் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, மறுபடி நிரப்பாமல் நெடுஞ்சாலை ஏறுபவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. டயர் தேய்ந்திருந்தால் வேகம் இன்னும் குறைவாக இருக்கும்போதே மிதக்கும்.

பனிக்கு வேறு கணக்கு. டயர் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துளிச் சின்னமும் இருந்தால், அது பனியில் சோதனை செய்யப்பட்ட டயர். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அந்தச் சோதனை நடந்ததாக அர்த்தம் இல்லை. முரட்டுத்தனமான ஆஃப்ரோடு பட்டன்கள் சேற்றில் நன்றாக உழைக்கும், ஐஸில் அப்படி இல்லை.

வெள்ளத்தில் உயரமான வண்டி தப்பிக்குமா?

மத்திய டெக்சாஸை 'திடீர் வெள்ளப் பாதை' என்றே அழைப்பார்கள். அங்கே ஓடைகளைக் கடக்க நம்ம ஊர் தரைப்பாலம் போலவே தாழ்வான பாலங்கள் ஏராளம். மழை பெய்தால் அவற்றின் மேல் தண்ணீர் ஓடும். அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், ஆபத்தான வெள்ளநீருக்குள் வாகனத்தை ஓட்டிச் சென்றவர்கள் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

டிஆர்எக்ஸ் 32 அங்குலம், அதாவது சுமார் 81 செ.மீ. ஆழம் வரை நீரில் போகும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, கெட்டியான தரைக்கு, மெதுவான வேகத்துக்குச் சொன்ன கணக்கு. ஓடும் தண்ணீரின் கதையே வேறு. 12 அங்குலம் ஓடும் நீர் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும், 2 அடி ஓடும் நீர் எஸ்யூவி, பிக்கப்பையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது. 2 அடி என்றால் 24 அங்குலம். நிறுவனம் சொல்லும் 32-ஐ விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

காரணம் எளிமையானது. வண்டி விலக்கும் ஒவ்வொரு 1,000 லிட்டர் தண்ணீருக்கும் அதன் எடையில் 1,000 கிலோ குறைகிறது. எடை குறையக் குறைய டயரின் பிடிப்பு போகும். அதே நேரம் பக்கவாட்டில் ஓடும் நீர் தள்ளும். தண்ணீருக்கு அடியில் சாலை அரித்துப் போயிருந்தால் மேலே இருந்து தெரியவும் தெரியாது.

நம்ம ஊர் பிக்கப்புகளுக்கு இது பொருந்துமா?

700 குதிரைத்திறன் பிக்கப் இங்கே சாலைகளில் அபூர்வம். ஆனால் டொயோட்டா ஹைலக்ஸ், சென்னைக்கு அருகே ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ் போன்ற பிக்கப்களை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் 2.8 லிட்டர் டீசல் இன்ஜினின் இழுவிசை 500 நியூட்டன் மீட்டர். வழக்கமான ஓட்டத்தில் அது மொத்தமும் பின் சக்கரங்களுக்கே போகிறது. பின்பக்கத் தொட்டி பெரும்பாலும் காலி. ஆகவே மேலே சொன்ன சறுக்கல் கணக்கு அப்படியே பொருந்தும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முதல் மழை விழும் நிமிடங்கள் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து கிரீஸ் மாதிரி ஆகிவிடும். குன்னூர், கோத்தகிரி போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், வளைவுக்கு முன்பே குறைந்த கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவின் நடுவில் திடீரென்று கியரைக் குறைத்தால் அதுவே பின் சக்கரத்தைச் சறுக்க வைக்கும்.

சென்னையில் கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவதைப் பார்த்திருப்போம். அது சரியான பயம்தான். சுரங்கப்பாதையில் தேங்கும் நீரின் ஆழம் மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் வரை நீரில் போகும் என்று சொல்லப்பட்டாலும், அந்த ஆழத்தை அளந்து பார்க்காமல் இறங்குவது சூதாட்டம். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் இன்ஜினின் உள்பாகங்கள் வளைந்து உடையும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது, 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு இருந்தால்தான் வாய்ப்பு.

இன்னொன்று, தொட்டியில் ஆட்களை உட்கார வைத்து ஓட்டுவது சட்டப்படியும் தவறு. மழையில் அது உயிரோடு விளையாடுவது.

வண்டி சறுக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

1. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று எடுத்தாலும் பின்பக்கம் விலகும்.

2. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பாருங்கள். ஸ்டீயரிங்கையும் அந்தப் பக்கமே, நிதானமாகத் திருப்புங்கள். மோதப் போகும் மரத்தையோ தடுப்புச் சுவரையோ பார்த்துக்கொண்டிருந்தால் கை அங்கேயே போகும்.

3. பின்பக்கம் நேரானதும் ஸ்டீயரிங்கை உடனே நேராக்குங்கள். தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் சுழலும்.

4. நேராகப் போகும்போது நிறுத்த வேண்டிய அவசரம் வந்தால் பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடியுங்கள். ஏபிஎஸ் துடிக்கும்போது பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

5. தண்ணீரில் டயர் மிதந்தால் பிரேக்கும் வேண்டாம், ஸ்டீயரிங்கை வெட்டவும் வேண்டாம். காலை எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டால் வேகம் குறைந்து டயர் மறுபடி சாலையைப் பிடிக்கும்.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு அதைவிட அதிகம் இருப்பது நல்லது. காற்றழுத்தம், வைப்பர், விளக்குகளைச் சரிபாருங்கள். மழையில் குரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம் போதும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை மழையில் இரண்டு மடங்காக்குங்கள். பனி, ஐஸ் என்றால் அதைவிடப் பல மடங்கு.

டல்லாஸ், ஃபிரிஸ்கோ பக்கம் குடியேறியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சாலை நனைந்து மட்டும் இருப்பதுபோல் தெரிந்தாலும் பாலங்கள் முதலில் உறைந்துவிடும். மேலேயும் கீழேயும் குளிர்காற்று படுவதால் அவற்றின் சூடு சீக்கிரம் போய்விடும். வெளி வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கினால் பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பாலத்தின் மேல் பிரேக்கோ ஆக்சிலரேட்டரோ அழுத்தாமல் கடந்துவிட வேண்டும்.

2,900 கிலோ வண்டி சறுக்கினால் எதிரே வரும் சின்ன காரில் இருப்பவர்களுக்குத்தான் அடி அதிகம். அதனால் பெரிய வண்டி ஓட்டுபவரின் வேகம் அவருடைய சொந்த விஷயம் மட்டும் இல்லை. உறைமழை எச்சரிக்கையோ வெள்ள எச்சரிக்கையோ வந்த நாளில், 'என் வண்டி போகுமா?' என்று கேட்பதைவிட 'இந்தச் சாலையில் என் வண்டி நிற்குமா?' என்று கேளுங்கள். பதில் உறுதியாகத் தெரியவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுவதே பாதுகாப்பு.